வாய் திறக்கக் கூடாத வருஷம்

அப்போது மைக் கிடையாது. நாடகக் கொட்டகையில் கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதுக்கும் பாட்டு போக வேண்டும். சத்தம் போனால் போதாது. எழுத்து எழுத்தாகப் போக வேண்டும். எங்களை அதற்குத்தான் பழக்கினார்கள்.

எட்டு வயதில் அப்பா என்னை நாடகக் கம்பெனியில் சேர்த்தார். எங்கள் ஊர் மேனாம்பேடு. பூந்தமல்லியில் கீற்றுக் கொட்டகை போட்டு ஒரு கம்பெனி மூன்று மாதம் நாடகம் நடத்தியது. நடிப்பவர்கள் எல்லோரும் பையன்கள். ராஜாவும் பையன், ராணியும் பையன். நான் மாடு ஓட்டிக்கொண்டு பாடுவதைக் கேட்ட யாரோ அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்பா என்னைப் பூந்தமல்லிக்கு நடத்திக் கூட்டிப்போனார். கம்பெனி வாத்தியார் பாடச் சொன்னார். பாடினேன். பல்லைப் பார்த்தார். தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். பத்து வருஷத்துக்கு என்று எழுதிய காகிதத்தில் அப்பா கைநாட்டு வைத்தார். அம்மா வீட்டில் இருந்தாள். அவர் திரும்பிப் போய்த்தான் அவளுக்குச் சொன்னார்.

விடியற்காலை நாலு மணிக்கு எழுப்புவார்கள். இரண்டு மிளகை மென்று விழுங்கிவிட்டு ஒரு மணி நேரம் ‘ஆ’ மட்டும் பாட வேண்டும். தயிர் கிடையாது. மோர் கிடையாது. மாங்காய் தின்றவனுக்கு முதுகில் பிரம்பு. வெயில் ஏறியதும் ஏரிக்கரைக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள். நான் இந்த முனையில் நிற்பேன். வாத்தியார் அந்த முனைக்குப் போய் நிற்பார். நான் பாடும் எழுத்து அவருக்கு விளங்கினால் தோளில் கிடக்கும் துண்டைத் தூக்குவார். தூக்காவிட்டால் திரும்பப் பாட வேண்டும். ஒரு நாள் ஒரே வரியை வெயில் உச்சிக்கு வரும்வரை பாடினேன். அதில் ஒரு ‘ழ’ அவருக்குக் கேட்கவே இல்லை. மறுநாள் கேட்டது.

சுருதியைக் கட்டை என்று சொல்வோம். ஆர்மோனியத்தில் கட்டை ஏற ஏறக் குரலும் ஏற வேண்டும். பன்னிரண்டு வயதில் நான் ஐந்து கட்டையில் பாடினேன். கம்பெனியில் என்னைத் தவிர ஒருவன்தான் ஐந்தில் பாடினான். அவனுக்கும் மேலே போனால் குரல் சன்னமாகிவிடும். எனக்கு ஆகாது.

சுடுகாட்டில் செத்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அழும் தாய் வேஷம் எனக்கு. அதில் ஒரு புலம்பல் பாட்டு. ஜனங்களுக்குப் பாட்டு பிடித்துவிட்டால் ‘ஒன்ஸ்மோர்’ என்று கத்துவார்கள். கத்தினால் பாடியே ஆக வேண்டும். பாடிக்கொண்டே செத்துப்போன வேஷக்காரனும் எழுந்து உட்கார்ந்து, இன்னொரு தரம் பாடி, இன்னொரு தரம் சாக வேண்டும். அதில் யாரும் சிரிக்க மாட்டார்கள். எத்தனை ஒன்ஸ்மோர் என்பதுதான் பாடகனுக்கு மதிப்பு. என் புலம்பலுக்கு மூன்று கேட்பார்கள். கொழும்பில் ஐந்து கேட்டார்கள்.

ஏழு வருஷம் இப்படிப் போனது. கம்பெனி தெற்கே போயிற்று, கடல் தாண்டிப் போயிற்று. அந்த ஏழு வருஷமும் ஊருக்கு நான் போகவில்லை.

பதினைந்து வயதில் ஒரு நாள் புலம்பல் நடுவில் குரல் இரண்டாகப் பிளந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று. எங்கள் தொழிலில் இதை மகரக்கட்டு என்பார்கள். பையன் குரல் உடைந்து ஆண் குரல் வருகிற சமயம். வாத்தியார் அன்றைக்கே எனக்கு வேஷத்தை நிறுத்தினார்.

“இனிமே ஒரு வருஷம் நீ ஊமை. வெளங்குதா? பாட்டு கெடையாது, கூச்சல் கெடையாது. எவனாச்சும் ஒதைச்சாக்கூட சத்தமில்லாம அழு” என்றார்.

தலையாட்டினேன்.

“குரல் ஒழுங்கா நின்னுச்சுன்னா ராஜா வேஷம் ஒனக்கு. இல்லைன்னா…” என்று கொட்டகையின் பின்பக்கம் கையைக் காட்டினார்.

அங்கே ஒருவன் பெட்ரோமாக்ஸ் விளக்குக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். எனக்கு முன்னால் குரல் உடைந்தவன். பொறுக்க முடியாமல் ஒளிந்து ஒளிந்து பாடிப் பார்த்தான். அவனோடு உடைந்த இன்னொருவன் வருஷம் முழுக்க வாயைக் கட்டினான். அவன் நாலு கட்டையில் ராஜா வேஷம் பாடிக்கொண்டிருந்தான்.

நானும் வாயைக் கட்டினேன். பசித்தால் வயிற்றைத் தொட்டுக் காட்டுவேன். பையன்கள் என்னைக் கிள்ளிப் பார்ப்பார்கள். கத்த மாட்டேன். எட்டு மாதம் அப்படி இருந்தேன். இன்னும் நாலு மாதம் இருந்தது.

அந்த ஆடி மாதம் கம்பெனி திரும்பவும் பூந்தமல்லிக்கு வந்தது. அப்பா வந்தார். ஊர் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள், பையனை மூன்று நாள் அனுப்புங்கள் என்று கேட்டார்.

வாத்தியார் யோசித்தார். “அனுப்பறேன். ஆனா பய வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா அவ்வளவுதான், அப்பறம் பாட்டு இல்ல.”

“அய்யோ சாமி, எங்க அம்மன் மேல ஆணை. நான் பாத்துக்கறேன்” என்று அப்பா கையைத் தலைமேல் வைத்துச் சொன்னார்.

நடந்து போனோம். அயப்பாக்கம் தாண்டினோம். பிறகு அப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“கூழ் ஊத்தற அன்னிக்கி பரிவட்டம் கட்டுவாங்க தெரியுமில்ல? வருசத்துக்கு ஒரு பங்காளி ஊட்டுக்கு முறை. போன தபா நம்ம முறை. கட்டல. புள்ளைய கூத்தாட உட்டவன் தலையில அம்மன் துணிய எப்புடிடா கட்றதுன்னு கேட்டானுங்க. எல்லார் எதுர்லயும்.”

நான் நின்றேன்.

“நட, நட. சும்மா சொன்னேன்” என்றார்.

அம்மா என் தலையைத் தடவினாள். முகத்தைத் தடவினாள். எதைக் கேட்டாலும் நான் தலையாட்டுவதைப் பார்த்து, “இன்னாடா, நாக்க அங்கியே வச்சிட்டு வந்துட்டியா?” என்றாள். அப்பா விஷயத்தைச் சொன்னார். “ஊமைன்னா ஊமையாவே கெட. இங்கியே கெட” என்று சொல்லிக் கேழ்வரகுக் களி போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றி முடிந்து வெயில் சாய்ந்த நேரம். கோயில் வேப்பமரத்தடியில் ஊரே உட்கார்ந்திருந்தது. நசரத்பேட்டையில் ஆர்மோனியம் ரிப்பேர் செய்கிற பாய் ஒருவர் பெட்டியோடு வந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார். பெட்டியைப் பார்த்ததும் எனக்கு விளங்கியது. நசரத்பேட்டையிலிருந்து பெட்டி வந்திருக்கிறது என்றால் என்னைக் கூப்பிட வருவதற்கு முன்னாலேயே அப்பா சொல்லி வைத்திருக்கிறார். வாத்தியாரிடம் ஆணை வைத்தபோதே இது அவருக்குத் தெரியும்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கோயில் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொழும்பு போய் வந்த தொண்டைடா மாமே! நம்ம அம்மனுக்கும் ஒன்னு உடு” என்று ஒருவர் ஆரம்பித்தார்.

“இன்னா, பேச மாட்டேன்றான்? வாயில கொயுக்கட்ட வச்சிகினு கீறானா?”

“அது பொம்பள வேஷம் போட்டு போட்டு வெக்கம் வந்துட்ச்சி மச்சான்.”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

ஊர்ப் பெரியவர் கையைத் தூக்கினார். சிரிப்பு நின்றது. “அம்மன் எதுர்ல பாடுனா அது கூத்து இல்ல. பக்தி. பையன் பாடட்டும். பாடுனான்னா போன தபா உட்டுப்போன பரிவட்டத்த இவங்க நைனா தலையில இப்பவே கட்றோம்” என்றார்.

தாம்பாளத்தில் மஞ்சள் துணி மடித்து வைத்திருந்தது.

அப்பா என் பக்கத்தில் வந்து குனிந்தார். “ஒன்னே ஒன்னு கண்ணு” என்றார். “மெதுவா பாடு. ஒன்னும் ஆவாது.”

நான் பாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் சுருதி பிடித்தார். நான் அதில் சேர்ந்து லேசாக முனகினேன். எட்டு மாதத்துக்குப் பிறகு என் குரலை நானே கேட்டேன். பாய் கையை நிறுத்தினார். பெட்டியின் மேல் குனிந்துகொண்டு மெதுவாகப் பேசினார்.

“தம்பி, ஒடஞ்சி கீதேப்பா. இப்பப் பாடலாமா நீ?”

நான் தாம்பாளத்தைப் பார்த்தேன்.

“மூணு கட்டைல வைக்கிறேன். அதுவும் வேணாம்னு தோணிச்சின்னா ஒன் முட்டிய ஒரு தட்டு தட்டு. துருத்தி கிழிஞ்சி பூட்ச்சின்னு சொல்லிப் பொட்டிய மூடிக்கறேன். என்னைத்தான் திட்டுவாங்க. திட்டட்டும்.”

மூன்று கட்டையில் புலம்பலைத் தொடங்கினேன். குரல் கட்டுக்குள் இருந்தது. அப்படியே பாடி முடித்திருக்கலாம். இரண்டு வரி போவதற்குள் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

“இன்னா பாய், பொட்டி தூங்குது?”

“அஞ்சு கட்ட, அஞ்சு கட்டன்னு இவங்க நைனா ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தாரு. இது அஞ்சா? இத்த நானே பாடுவேன்.”

“நீ பாடுனா அம்மன் எந்திரிச்சி அம்பத்தூருக்குப் பூடும்.”

சிரித்தார்கள். நான் பாட்டை நிறுத்தினேன். அப்பா முகம் கறுத்துவிட்டது. ஊரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் பாயைப் பார்த்தார்.

“அஞ்சுல வைங்க பாய்” என்றார்.

பாய் என் கையைப் பார்த்தார். அது என் முட்டியின் மேல்தான் இருந்தது.

நான் தட்டவில்லை.

இதை எழுதுவதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். அப்பா சொன்னார், ஊர் கேட்டது, எல்லாம் சரி. தட்டியிருந்தால் பெட்டி மூடியிருக்கும். எந்த எந்த ஊரிலோ யார் யாரோ என்னைக் கேட்டார்கள். கம்பெனிக்குப் போன பிறகு என் ஊர் கேட்டதில்லை. அம்மா ஒரு தரமும் கேட்டதில்லை. அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து வாயில் புடவை முந்தானையை வைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பாட வேண்டும் என்று இருந்தது. எட்டு மாதம் அடக்கி வைத்தது எல்லாம் மேலே வந்து நின்றது.

பாய் ஐந்தில் வைத்தார்.

பாடினேன். பிடித்தது. எப்படிப் பிடித்தது என்று தெரியவில்லை. மேல் ஸ்வரத்தில் போய் நின்றேன். பெண்கள் அழுதார்கள். அம்மா அழுதாள். கேலி பேசியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். முடிந்ததும் யாரோ ‘ஒன்ஸ்மோர்’ என்றார். பூந்தமல்லிக் கொட்டகையில் பார்த்துப் பழகியது. உடனே எல்லோரும் கத்தினார்கள். கோயிலில் ஒன்ஸ்மோர் கேட்கலாமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டாம் தரம் பாடினேன். தொண்டை காய்ந்தது. மேலே போகும்போது மணல் பட்ட மாதிரி இருந்தது. பாய் தாமாகவே அரைக் கட்டை இறக்கினார். நான் தலையை ஆட்டி ஏற்றச் சொன்னேன். அதுவும் நான்தான்.

மூன்றாம் தரம் அதே வரியில், அதே ஸ்வரத்தில், உள்ளே ஏதோ கிழிந்தது. வலி பெரிதாக இல்லை. வாயில் உப்புக் கரித்தது. குரல் வரவில்லை. வாயை மட்டும் அசைத்தேன். அந்த நேரத்துக்குப் பம்பை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. பாய்க்குத் தெரிந்தது. அவர் வாசிப்பதை நிறுத்திப் பெட்டியை மூடினார்.

அப்பா தலையில் மஞ்சள் துணியைக் கட்டினார்கள். அவர் கைகூப்பிக்கொண்டு நின்றார். அவர் அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை பேசப் பார்த்தேன். காற்று வந்தது. அப்பா சுக்கு வாங்கிவந்து கஷாயம் போட்டார். “சரியாப் பூடும்” என்றார். மாலையில் “சரியாப் பூடும்” என்றார். அம்மா அவரிடம் பேசவில்லை.

மூன்றாம் நாள் என்னைப் பூந்தமல்லிக்குக் கூட்டிப்போனார்.

“சளி புடிச்சிகிச்சி சாமி” என்றார் வாத்தியாரிடம்.

வாத்தியார் என்னைக் கிட்டே கூப்பிட்டார். பெட்டியில் மூன்று கட்டை வைத்து, சேர்ந்து பாடு என்றார். காற்று. இரண்டு கட்டை வைத்தார். காற்று. ஒரு கட்டை வைத்தார். கதவு உரசுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவர் பெட்டியிலிருந்து கையை எடுத்தார். என்னை அடிக்கவில்லை. அடிப்பார் என்றுதான் நினைத்தேன்.

அப்பாவைக் கேட்டார். “நீ ஆணை வச்சியே, எந்த அம்மன் மேல?”

“எங்க ஊரு அம்மன் சாமி.”

“பாட்டு வேணும்னா இனிமே அவளக் கேளு” என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

காகிதத்தில் இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேல் பாக்கி இருந்தது. அதனால் அனுப்பவில்லை. பெட்ரோமாக்ஸுக்குக் காற்றடித்தேன். முன்னால் காற்றடித்தவன் எனக்குச் சொல்லிக் கொடுத்தான். ராஜா வேஷம் வேறு பையனுக்குப் போயிற்று. அவன் குரல் நன்றாக நின்றது. அவன் பாடும்போது விளக்கு மங்கினால் ஜனங்கள் என்னைத் திட்டுவார்கள். அதனால் அவன் பாடும்போது மட்டும் இன்னும் கவனமாக அடித்தேன்.

பேசுவதற்குக் குரல் வந்தது. இப்போது இருக்கிற இந்தக் கரகரப்புதான். பாட்டுக்கு இரண்டு ஸ்வரம்கூட வரவில்லை. வாத்தியார் அதன் பிறகு என்னைப் பாடச் சொல்லவே இல்லை. பிறகு பேசும்படம் வந்தது. கொட்டகையில் ஆள் குறைந்தது. கம்பெனியைக் கலைத்தார்கள். அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன்.

ஊரில் என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் பேசினார்கள். “அன்னிக்கி பாடுன பாரு அண்ணாத்தே! ஒடம்பே சிலுத்துட்ச்சி.” ஒவ்வோர் ஆடிக்கும் சொன்னார்கள். ஏன் இப்போது பாடுவதில்லை என்று கேட்பார்கள். கொழும்பு பார்த்த கர்வம் என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொள்வார்கள். அப்பா எதிரில் இருந்தால் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். உண்மையை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

எங்கள் நிலத்துக்குக் கிணற்று ஏற்றம். மேலே மரத்தின் மீது ஒருவர் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க வேண்டும். கீழே ஒருவர் கழியைப் பிடித்து, சால் என்கிற பெரிய வாளியைக் கிணற்றில் இறக்கி, நிரம்பி வருகிற தண்ணீரை வாய்க்காலில் கவிழ்க்க வேண்டும். எத்தனை சால் என்று பாட்டாக எண்ணுவார்கள். கீழே இருப்பவர் ஓர் அடி பாடுவார், மேலே இருப்பவர் அடுத்த அடி பாடுவார். பாட்டு இல்லாவிட்டால் இரண்டு பேர் வேலையும் சேராது. எல்லா நிலத்திலும் அப்படித்தான்.

நான் மேலே ஏறினேன். அப்பா கீழே நின்றார். முதல் நாள் அவர் தம் அடியைப் பாடிவிட்டு எனக்காக விட்டார். நான் நடந்தேன். பாடவில்லை. சால் பாதி தண்ணீரோடு வந்தது. இன்னொரு தரம் பாடி எனக்காக நிறுத்தினார். நான் பாடவில்லை. அதற்குப் பிறகு என் அடியையும் அவரே பாடினார். அவருக்குப் பாடவே வராது. ராகம் நொண்டும். இருந்தாலும் இரண்டு அடியையும் பாடினார். வருஷக்கணக்காக அப்படித்தான் தண்ணீர் இறைத்தோம். பக்கத்து நிலத்துக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு பழகிவிட்டது.

அவருக்கு வயதாயிற்று. மூச்சிழுப்பு வந்தது. ஆவடியில் பட்டாளத்துக்காரர்கள் கொட்டகை போட்ட வருஷம். ஒரு நாள் முப்பது சாலுக்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. கழியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார்.

“எனக்குப் பாட முடியலடா. நீ சும்மா எண்ணவாச்சும் எண்ணு. ராகம் வேணாம்” என்றார்.

எண்ணினேன். முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. ராகம் இல்லாமல், கடையில் மூட்டை எண்ணுவதுபோல் எண்ணினேன். நான் மிதிக்கிற வரைக்கும் கீழே இருப்பவர் கையை விட முடியாது. கழி கையை இழுத்துவிடும். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நூறு சாலுக்கு ஒரு தரம் இறங்கி ஓய்வெடுப்பது வழக்கம். நூறு வந்தது.

“போதும், எறங்குடா” என்றார்.

நான் நின்றிருக்கலாம். கீழே அவர் முதுகு ஏறி இறங்குவது தெரிந்தது.

“நூத்தி ஒன்னு” என்றேன். நடந்தேன்.

அவர் மேலே பார்த்தார். கழியைப் பிடித்தார். இருநூறில்தான் இறங்கினேன்.